படியேறாத பூட்ஸ்

மகனுக்குச் சப்பாத்து வாங்கக் காலணிக் கடைக்குப் போனால், அதைக் கவிழ்த்து அடியை விரலால் தட்டிப் பார்ப்பேன். சத்தம் போடும் சப்பாத்து எனக்கு வேண்டாம். "சப்பாத்து வாங்கிறியோ, தேங்காய் வாங்கிறியோ?" என்று கணவர் கேட்பார். தேவையில்லாத பயம்தானோ என்று எனக்கும் தோன்றும். ஆனாலும் தட்டுவேன்.

யுத்தம் நடந்த வருஷங்களில் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஒருநாள் பெட்டியொன்று காலில் விழுந்து பெருவிரல் நகம் போய்விட்டது. இனிச் செருப்போடு வேலைக்குப் போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா. அப்பாவோடு நானும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா, கணுக்காலுக்கு மேலே வரும் தடித்த தோல் பூட்ஸ் ஒரு சோடியை எடுத்து வைத்தார்.

"அடி தேஞ்சா மாத்தலாம். தோல் அப்புடியே இரிக்கும். ஒங்களுக்குப் பொறகு மகன் போடலாம்."

"எனக்கு இருக்கிறது இந்த மகள் ஒண்டுதான்."

"அப்ப மருமகனுக்கு வைங்க."

அப்பா சிரித்துக்கொண்டே வாங்கினார். தோல் பலகைபோல் விறைத்திருந்தது. தேங்காயெண்ணெய் பூசிப் பூசி இளக்கிய பிறகே வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அவர் திரும்பி வந்தபோது மரப்படி அதிர்ந்தது. யானை ஏறுவதுபோல இருந்த அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினா. பக்கத்து வீட்டு றேடியோ நின்றது. ஆமிக்காரர் சோதனைக்கு ஏறும் சத்தம் அப்படித்தான் இருக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

எதிர் அறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தா. கனடாவில் இருந்த மாப்பிள்ளையிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவ. முன்பொருமுறை விசாரணை என்று அவவைக் கூட்டிப்போய், உடுத்த உடுப்போடேயே சில நாள் வைத்திருந்தார்களாம். அவவின் கதவு திறந்தது. தலையை இழுத்துக் கட்டியிருந்தா. கையில் அடையாள அட்டை, தோளில் ஒரு சின்னப் பை. மாற்றுடுப்பும் துவாயும் அதற்குள் எப்போதும் ஆயத்தமாய் இருக்கும் என்று அம்மா பிற்காலத்தில் சொன்னா.

படியில் அப்பாவின் தலை தெரிந்தது. அக்காவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"நான்தான் பிள்ளை," என்றார்.

"ஓம் அங்கிள். வேலை முடிஞ்சுதே?" என்று அக்கா கேட்டா. பை தோளிலேயே இருந்தது.

அப்பா அந்தப் படியிலேயே குந்திப் பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். அதற்குப் பிறகு எவ்வளவு களைத்து வந்தாலும், கீழேயே கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடுதான் ஏறினார். அம்மா படி கழுவுவதால்தான் அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று எனக்குக் கண்ணில் பட்டது அக்காவின் பைதான். ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு, "கனடாவுக்கோ போறீங்கள்?" என்று கேட்டேன். எனக்குச் சொல்லாமல் போகப் பார்த்தாவே என்று, அன்று முழுக்க நான் அவவோடு கதைக்கவில்லை.