கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு வரைபடம்

மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்று ஒரு வரைபடம் சொன்னால், அது அந்த நிலத்தைப் பற்றிய நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? ஆறாம் வகுப்புப் படிக்கும்போது என் முன் வந்த கேள்வி. இன்று நானே ஒரு குழந்தைக்குத் தாய். இன்னும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது காலடிப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. தண்ணீர் லாரி வரும் நாளில் அம்மா குடங்களை விட்டு நகரமாட்டார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டிய அப்பாவுக்கு ஒரே ஆசை: நல்ல தண்ணீர் ஊறும் இடத்தில் சொந்த வீடு. சடையங்குப்பத்தில் ஒரு மனை விலைக்கு வந்தது. கிணறு வெட்டினால் இளநீர்தான் என்றார் தரகர். அப்பா தரகர்களை நம்புகிறவர் அல்ல. நகரத்துப் பெரிய நூலகத்தில் பழைய வரைபடங்கள் இருப்பதாகவும், ஏரி குளமெல்லாம் அதில் தெரியும் என்றும் யாரோ சொன்னார்கள். ஆங்கிலம் படித்துச் சொல்ல என்னையும் அழைத்துப் போனார். பள்ளியில் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் எனக்கு அந்தக் கவலைதான்.

வரைபடப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். எந்த ஷீட் வேண்டும் என்றார்.

"சடையங்குப்பம் மேடம். டோல்கேட்டு தாண்டி லெஃப்ட்டு வாங்குனா ஒரு டீக்கடை கீது பாருங்கோ, அதுக்குப் பின்னாடி."

"டீக்கடையெல்லாம் மேப்ல இருக்காது சார்."

"அப்ப எப்டி மேடம் எடத்தைக் கண்டுபுடிக்கிறாங்கோ?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முதலில் ஒரு அட்டவணை வரைபடத்தை விரித்தார். மாவட்டம் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடந்தது. கட்டத்துக்கு ஒரு எண். நம் கட்டத்தைச் சொன்னால் அந்தத் தாள் வரும். எந்த வருடத்துடையது வேண்டும் என்று கேட்டார்.

"இருக்கறதுலியே பழசு குடுங்கோ. புச்சுல பொய் சொல்லுவாங்கோ."

தாள் வந்தது. தொடக்கூடாது, பேனா கூடாது. ரயில் பாதை, கால்வாய் என்று இடம் மாறாத ஒன்றை முதலில் பிடித்து, அங்கிருந்து நகர வேண்டும் என்றார். அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சன்னதி முன் நிற்பவரைப் போலக் குனிந்து, மோவாயாலேயே வழி காட்டினார். "ரயிலு இது. அந்தாண்ட கால்வா. இன்னும் அந்தாண்ட போ கண்ணு... அங்கதான், நில்லு."

அங்கே வீடு இல்லை, தெரு இல்லை. வெளிறிய நீலக் கோடுகள் மட்டும். தாளின் மூலையில் இருந்த விளக்கத்தைத் தேடிப் படித்தேன்.

"மழைக்காலத்துல தண்ணி நிக்கிற எடம்னு போட்டுருக்குப்பா."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தரகரு பொய் சொல்லலடா. மேல நிக்கிற தண்ணிதான கீய எறங்கும்? அதான கெணத்துல ஊறும்?"

அறிவியல் பாடத்திலும் அப்படித்தான் இருந்தது. தலையாட்டினேன்.

"வீடு கட்டவா சார் பாக்குறீங்க?" என்றார் அந்த அம்மாள். "கொஞ்சம் யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சிதான் மேடம், லாரிய நிறுத்திட்டு வந்துகிறேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவரைப் போல. நான் பள்ளிக்கு மட்டம் போட்டது தெரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீடு எழும்பியது. கிணற்றுத் தண்ணீர் உண்மையிலேயே தித்தித்தது. அக்கம்பக்கத்தார் குடத்தோடு வந்தார்கள். அம்மா ராணி மாதிரி இறைத்துக் கொடுத்தார். ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் கட்டில் மிதந்தது. மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டிக்கொண்டு அம்மா சொன்னார்: "நல்ல தண்ணி வோணும்னு கேட்டேன்யா. அதுக்குன்னு வூட்டுக்குள்ளயே கொண்டாந்து வுட்டுட்டியே." அப்பாகூடச் சிரித்தார். ஒரு மழையோடு போகும் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் அடுத்தடுத்த ஐப்பசியிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஊற்றாக வரும் தண்ணீரும் வெள்ளமாக வரும் தண்ணீரும் ஒன்றுதான், ஒன்றை வாங்கினால் மற்றதும் சேர்ந்தே வரும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியிருந்ததா என்று கேட்க இன்றுவரை வாய் வரவில்லை.

இப்போது அந்த வீட்டை ஒட்டிய தன் காலி இடத்தை என் பெயருக்கு எழுதிவைக்கிறேன் என்கிறார் அப்பா. தூண் எழுப்பிக் கட்டினால் போயிற்று என்கிறார் என் கணவர். குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு அங்கே கட்ட மனமில்லை. ஒருவேளை நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனோ என்னவோ. வேண்டாம் என்றால், அப்பா தன் வாழ்நாளில் தேடிக்கொண்ட ஒரே இடத்தைக் குறை சொன்னதாகிவிடும். பிறந்த வீட்டில் இப்படி மறுத்துப் பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள்: அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?