மூவார் கோர்ட்டுக்கு ஒரே பஸ்

தினமும் ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டிப் போய், அந்தச் சின்னத் தீவு நாட்டின் நீதித்துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விவாகரத்துக்கு வரும் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவருக்கு ஓர் அறை, அந்தம்மாவுக்கு ஓர் அறை. நீதித்துறை எதற்கு என்று யாராவது கேட்டால், சண்டைக்காரர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கத்தான் என்பேன். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என் அம்மாவும் அப்பாவும் ஒரே பஸ்ஸில் போய்த்தான் விவாகரத்து வாங்கினார்கள்.

அப்போது லாபிஸில் இருந்தோம். சிகாமட் போய், அங்கே தங்காக் வழியாகப் போகும் மூவார் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலை பஸ்ஸை விட்டால் கோர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

"உங்க அப்பாவ சீக்கிரம் கெளம்பச் சொல்லு. அவருக்காக ஜட்ஜு காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க லா."

"வரேன்னு சொல்லு."

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் நிற்கிறார்கள்! மாதக்கணக்கில் நான்தான் அந்த வீட்டுத் தபால்காரி. யார் மேல் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்குமே வாய் நீளம், அது தெரியும்.

மற்றதெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. நான் யாரோடு இருப்பது என்பதுதான் பாக்கி. அதை ஜட்ஜ் என்னிடமே கேட்பார் என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு கிளப்பிவிட்டிருந்தார். என்ன பதில் சொல்வது என்று பயந்து ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

பஸ்ஸில் நானும் அம்மாவும் ஒரு சீட். பின் சீட்டில் அப்பா, மடியில் உப்பிப்போன ஒரு பை. கோர்ட் பேப்பர் என்று நினைத்துக்கொண்டேன். மலையோரத்து வளைவுகள் வந்ததும் வழக்கம்போல எனக்குக் குமட்டியது. பின்னாலிருந்து அப்பாவின் கை பிளாஸ்டிக் பையோடு வந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே அதை வாங்கி என் வாயருகே பிடித்தார். பிறகு அதே கை ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தது.

கோர்ட் வாசல் பெஞ்சில் அம்மா மூன்று பொட்டலம் மீகூன் பிரித்தார்.

"சாப்பிடச் சொல்லு. கேஸ்டிரிக் வந்து உள்ள மயங்கி விழுந்தா எனக்குத்தான் கெட்ட பேரு."

அப்பா அந்த அரிசிச் சேமியாவில் ஒரு நூல்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அந்த மீகூனின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஜட்ஜ் ஒரு மலாய் அம்மா. என்னைத் தன் அறைக்கு அழைத்து மிட்டாய் கொடுத்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். நான் பயந்த கேள்வியைக் கேட்கவே இல்லை. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வந்தது. நான் அம்மாவிடம் இருக்க வேண்டும், சனி ஞாயிறு அப்பா வந்து பார்க்கலாம். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. என்னைத் தன்னோடு அனுப்பச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லையே இந்த மனுஷன்!

திரும்பும்போதும் அதே சீட், அதே வாந்தி, அதே கை.

சிகாமட்டில் லாபிஸ் பஸ் தயாராக நின்றது. அப்பா ஏறவில்லை. பையைத் திறந்து மிச்சமிருந்த பிளாஸ்டிக் பைகளை என்னிடம் கொடுத்தார். உள்ளே அவருடைய சட்டைகளும் கைலியும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"இங்க கூட்டாளி வீட்டுல தங்கிக்கிறேன்மா."

"எனக்காக ஏம்பா ஒண்ணுமே பேசல?" கத்திவிட்டேன்.

"பொம்பளப் புள்ள அம்மாகிட்டதான் இருக்கணும்னு லாயர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். அவரே பேசிக்குறாராம், நான் இன்னிக்கு வரவே தேவையில்லன்னாரு."

அம்மா சட்டென்று அவரைப் பார்த்தார். என் வழியாகச் சொல்லியனுப்பவில்லை, நேராகவே கேட்டார்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"புள்ள வாந்தி எடுக்கும்ல. பையி கொண்டார நீ மறந்துருவ."

அம்மா மறந்துதான் போயிருந்தார்.

லாபிஸ் வரைக்கும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். நான் அந்தப் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாந்தி வரவில்லை.