சாமிக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் எங்கள் அறைக்கு வந்தாக வேண்டும். மோதிரம், கண்ணாடி, பல்செட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி உறையில் போட்டு, பச்சை அங்கி மாட்டி உள்ளே அனுப்புவது எங்கள் வேலை. அந்த அறைக்கு நான் தலைமை நர்ஸ். எனக்குப் பொறுமை கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். பதினெட்டு வருஷம் பெல்ட்டண்ணனோடு வேலை பார்த்தால் யாருக்குத்தான் பொறுமை மிஞ்சும்?

பெல்ட்டண்ணன் எங்கள் அட்டெண்டர். சீருடைக்கு மேல் ஒரு சாண் அகலத் தோல் பெல்ட், முன்னால் இரண்டு பக்கிள். இங்கே வருவதற்கு முன் லாரியில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அவசரத்தில் பெல்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, மூன்றாம் மாடிக்கு ஒரு பிரிட்ஜைத் தூக்கினார். பிரிட்ஜுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இவர்தான் ஏழு மாதம் படுத்துக் கிடந்தார். வைத்தியம் பார்த்த இடத்திலேயே வேலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று அவர் சம்சாரத்திடம் ஒருமுறை கேட்டேன்.

"கழட்டுவாரு சிஸ்டர். ஆனா கண்ணு பெல்ட்டு மேலயே இருக்கும். எமனே வந்து நின்னாலும், உங்க இடுப்புல என்னன்னுதான் இவரு முதல்ல கேப்பாரு," என்றாள்.

அதுதான் அவரிடம் எனக்கு ஆகாத விஷயம். யார் இடுப்பில் எதைப் பார்த்தாலும் வாய் சும்மா இருக்காது. உள்ளே டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பார், இங்கே இவர், "இது எதுக்குங்க? யார் கட்டிவிட்டாங்க? ஏன் மூணு சுத்து?" என்று கதை கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டதை எல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பார்.

"சாமிக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் சிஸ்டர்? கும்பிடுறது கை, குனியிறது தலை, நினைக்கிறது மனசு. நடுவுல இடுப்பு என்ன பண்ணுச்சு?"

"சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சுன்னு சொல்லுச்சு. போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுங்க," என்பேன்.

இந்தக் கிறுக்கு அவருக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே பிடித்துவிட்டது. விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் ஒரு பெரியவர் வந்தார். இடுப்பில் கம்பளி நூல் கயிறு, மூன்று சுற்று. நேரமில்லை, பெல்ட்டண்ணன் கத்தரியால் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். எல்லாரும் செய்வதுதான். மூன்றாம் நாள் கண் விழித்த பெரியவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். எழுபத்திரண்டு நூல் சேர்த்து நெய்தது அது. அவர் மதத்து வேதத்தின் ஒரு பகுதியில் எழுபத்திரண்டு அத்தியாயம் உண்டாம், அந்தக் கணக்குக்கு நூல். பெல்ட்டண்ணன் போய் மன்னிப்புக் கேட்டார். "வேற கயிறு கிடைக்கும் தம்பி. உள்ளே போறப்ப நான் வெறும் இடுப்போட போயிருக்கேன், அது எனக்கே தெரியலை பாருங்க," என்று சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் குழந்தை மாதிரி அழுதாராம்.

அதன்பின் அவர் எதையும் வெட்டியதில்லை. எத்தனை சுற்று, முடிச்சு எந்தப் பக்கம் என்று பார்த்து, எழுதிக்கொண்டு, அவிழ்ப்பார். அவிழ்த்ததை உறையில் போடாமல் அந்த ஆளின் கட்டில் கம்பியில் கட்டி வைப்பார். ஆபரேஷன் முடிந்து எங்கள் அறைக் கட்டிலுக்கே திரும்பியதும், கண் முழுசாகத் திறப்பதற்குள் பழையபடி கட்டிவிட்டு, "இறுக்கமா இருக்கா, தளர்வா இருக்கா?" என்று கேட்பார். மயக்கத்தில் தாய் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாதவர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கம்பி நிறையக் கயிறும் நாடாவும் தொங்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியா, துணி காயப்போடும் மாடியா?

டைரியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று நான் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறேன். கறுப்புக் கோட்டுப் பெரியவர் ஒருவர் பிரார்த்தனை செய்யும்போது மட்டும் இடுப்பில் பட்டு நாடா கட்டுவாராம். கடவுளிடம் பேசும்போது நெஞ்சுக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே ஒரு வேலி வேண்டும் என்றாராம். வெள்ளைக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்ட துறவி ஒருவர் குடலிறக்கத்துக்கு வந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல், முடிச்சுக்கு ஒரு சத்தியம்.

"மூணுல எது சாமி கஷ்டம்?" என்று கேட்டார் நம்ம ஆள்.

"கீழ்ப்படிதல்தான். இப்ப நீங்க அவுக்கச் சொல்றீங்களே," என்று சொல்லிச் சிரித்தார் துறவி. பிறகு தானே அவிழ்த்துக் கொடுத்தார்.

ஒரு சண்டைப் பயிற்சி ஆசிரியர் இருபது வருஷமாகத் தன் கறுப்பு பெல்ட்டைத் துவைத்ததே இல்லையாம். பட்ட பாடெல்லாம் தண்ணீரோடு போய்விடுமாம். அதையும் கம்பியில் கட்டினார் மனுஷன். அன்றைக்கு நான் போட்ட சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது.

இப்படி ஆளுக்கொரு பதில். எதுவும் இன்னொன்றோடு ஒத்துப் போகவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறை. "வேலிங்கிறாங்க, சத்தியங்கிறாங்க, காவல்ங்கிறாங்க. ஆனா எல்லாரும் இடுப்புலதான் வந்து நிக்கிறாங்க. அதான் ஏன்னு புரியலை," என்பார்.

போன வருஷம் ஒரு காலையில் அந்தப் பெண் வந்தாள். முப்பது வாரக் கர்ப்பம், ரத்தப்போக்கு, உடனே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டும். புருஷன் கப்பல் வேலைக்காரன், கடலில் இருந்தான். கூட யாரும் இல்லை. வயிற்றைச் சுற்றி ஆறேழு முழ வெள்ளைப் பருத்தித் துணி கட்டியிருந்தாள். பெல்ட்டண்ணன் அவிழ்க்கக் கை வைத்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சாம் மாசம் எங்க அம்மா கட்டிவிட்டது. பிள்ளை மேல படுற முதல் துணி இதாத்தான் இருக்கணும். முன்னாடி ரெண்டு தடவை கட்டிக்கலை. ரெண்டும் தங்கலை."

"இதுதான் முதல்ல படும்மா. நான் பாத்துக்கிறேன். நீ தைரியமா போ," என்றார்.

கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி அவளை உள்ளே அனுப்பியதும் நான் பெல்ட்டண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "என்ன தைரியத்துல வாக்குக் குடுக்குறீங்க? உள்ளே வீட்டுத் துணியை விடுவாங்களா?"

"கேட்டுப் பாக்குறேன் சிஸ்டர். கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவேன்?" என்று சொல்லி, துணியைச் சுருட்டி, அவள் கட்டில் கம்பியில் கட்டிவிட்டு, குழந்தை டாக்டரைத் தேடிப் போனார்.

அந்த நேரம் பார்த்துச் சுகாதாரச் சோதனைக் குழு வருகிறது என்று போன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பியில் தொங்கிய அந்தத் துணியைப் பார்த்தேன். வெடுக்கென்று உருவி, தியேட்டரிலிருந்து வந்த பச்சைத் துணிகளோடு சலவைப் பையில் திணித்தேன். வண்டி வந்து பையை எடுத்துப் போய்விட்டது. எதைத் திணித்தேன் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். தெரிந்துதான் செய்தேன். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பெல்ட்டண்ணன் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். குழந்தை டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். இவ்வளவு குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையைத் துணியிலேயே சுற்ற மாட்டார்களாம். சூடு போகாமல் இருக்க, ஈரத்தோடு அப்படியே பிளாஸ்டிக் உறையில் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோவார்கள். வீட்டுத் துணிக்கு அங்கே இடமே இல்லை. இதைச் சொல்லிக்கொண்டே கம்பியைப் பார்த்தார்.

"துணி எங்க சிஸ்டர்?"

நான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதுகைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கீழே சலவை அக்கா மெஷினை ஓடவிட்டிருந்தாள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் பச்சைக்கு நடுவே அந்த வெள்ளைத் துணி சுற்றிச் சுற்றி வந்தது.

"கதவைத் திற அக்கா!"

"கொதிக்கிற தண்ணிப்பா. நாப்பது நிமிஷத்துக்கு அது யார் சொன்னாலும் திறக்காது. அதுக்கப்புறம் இது எல்லாம் நீராவிப் பெட்டிக்குப் போகணும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பெல்ட்டண்ணன் அவளையே பார்த்தார்.

"நீராவிப் பெட்டின்னா, கிருமி சாகுற பெட்டியா?"

"பின்ன, இட்லிப் பானையா?"

"அக்கா! அதுல வெந்து வந்த துணி கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகலாம்தானே?"

குழந்தை டாக்டருக்குப் போன் போட்டது நான்தான். விஷயத்தைச் சொன்னேன். குழந்தை பிறந்துவிட்டது, ஒரு கிலோ முந்நூறு கிராம், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது என்றார். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தபின், கை கால் பரப்பிக்கொள்ளாமல் அணைத்தபடி இருக்கச் சுற்றிலும் சுருட்டின துணியை வளையமாக வைப்பார்களாம். "முறைப்படி வேகவெச்ச துணின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரைக்கும் வேற துணி எதையும் வைக்க மாட்டோம்," என்றார்.

ஒருவழியாக மெஷின் நின்றது. நீராவி அறைக்குள் தோல் சாமான் எதுவும் போகக் கூடாது. பெல்ட்டண்ணன் வாசலில் நின்று இரண்டு பக்கிளையும் கழற்றி, பெல்ட்டை என் கையில் கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் இடுப்பை அப்போதுதான் பார்த்தேன், எவ்வளவு ஒல்லி! சலவை அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, ஈரத்துணிக் கூடையை ஒரு பக்கம் தானே தூக்கினார். துணி உள்ளே போனது. இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பழைய இடத்தில் பழைய பிடிப்பு.

ஸ்ட்ரெச்சரில் வைத்து மேலே கொண்டுவந்தோம். ஊசி போட்டு எங்கள் அறையிலேயே கட்டிலில் படுக்க வைத்தேன். கையில் அவர் பெல்ட் இருந்தது. உறையில் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு கட்டில் கம்பியில் சுற்றி, ஒரு பக்கிளை மாட்டினேன்.

அந்தப் பெண் மத்தியானம் கண் விழித்தாள். கை முதலில் வயிற்றுக்குத்தான் போனது. "துணி?"

பெல்ட்டண்ணன் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "நான் கட்டின இடம் சரியில்லைம்மா," என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றேன். "நான்தான் தூக்கி அழுக்குத் துணியில போட்டேன். இவர்தான் ஓடிப்போய்க் கண்டுபிடிச்சாரு. தப்பு என்னோடது."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சக்கர நாற்காலியைக் காட்டினாள். தள்ளிக்கொண்டு போனேன். படுத்திருங்க என்று சொல்லியும் பெல்ட்டண்ணன் கேட்கவில்லை, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள், பழுக்காத தக்காளி அளவு தலையோடு அந்தப் பிள்ளை. பெட்டைப் பிள்ளை. அதைச் சுற்றி வெள்ளைத் துணி வளையமாகக் கிடந்தது. அதன் ஒரு ஓரத்தைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். தாய்க்காரி அழுதாள், நானும் அழுதேன். ஐம்பத்தோராம் நாள் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் மனசு அடித்துக்கொண்டே இருக்கும்.

நம்ம ஆளுக்கு மூச்சு வாங்குகிறது, நிற்க முடியவில்லை. அப்போதும் விட்டாரா?

"ஏம்மா, சாமி காரியம்னா எல்லாரும் இடுப்புலயே கட்டுறாங்களே, அது ஏன்? உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை வினோதமாகப் பார்த்தாள். "இது தெரியாதா? பொறக்கிறப்ப நாம எல்லாரும் அங்கதானே கயித்தோட வந்தோம். வந்ததும் வெட்டிடுறாங்க. அந்த இடம் காலியா இருக்குன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

பெல்ட்டண்ணன் இந்த முறை டைரியைத் தேடவில்லை. பிறகு தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு, "அட ராமா! பதினெட்டு வருஷமா எத்தனை பேர் இடுப்பைப் பாத்திருப்பேன், தொப்புளை விட்டுட்டேனே சிஸ்டர்!" என்றார். வலியோடு அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்த நர்ஸ் ஓடி வந்து அதட்டினாள்.

எங்கள் அறைக்குத் திரும்பியதும் கட்டில் கம்பியிலிருந்து பெல்ட்டை எடுக்கக் குனியப் பார்த்தார். முடியவில்லை. "கையைத் தூக்குங்க," என்றேன். கூச்சத்தில் நெளிந்தார். நான் பெல்ட்டை அவிழ்த்து, அவர் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, பழைய ஓட்டை எது என்று தோலின் தடத்தைப் பார்த்து, முதலில் மேல் பக்கிள், அப்புறம் கீழ்ப் பக்கிள் மாட்டினேன்.

"இறுக்கமா இருக்கா, தளர்வா இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்து பக்கிளைத் தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்கு சிஸ்டர்," என்றார். "இத்தனை வருஷத்துல இதை எனக்கு வேற யாரும் கட்டிவிட்டதே இல்லை."