மாதிரிக்குப் போட்ட எண்

என் வீட்டுக்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவள். கம்பெனிக்காரர்களுக்கு லெட்டர்பேடு, கவர், விசிட்டிங் கார்டு எல்லாம் அவள் வடிவமைப்பாள். அச்சடித்து வெட்டுவது நான். லோகோ ஒரு நூல் நகர்ந்திருந்தால் போதும், மிஷினை நிறுத்திவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருடி இதை ஸ்கேல் வெச்சுப் பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்ல."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

வாடிக்கையாளர் விவரம் தருவதற்குள் டிசைனை ஆரம்பித்துவிடுவாள். போன் நம்பர் இடத்தில் வெறும் பூஜ்யமாகப் போட்டால் அழகு தெரியாதாம். தன் நம்பரையே போட்டுப் பார்த்து, அப்புறம் மாற்றுவாள்.

போன மாதம் ஒரு தச்சர் வந்தார். தலை நரைக்கிற வரை ஒரே முதலாளியிடம் இருந்துவிட்டு, பழைய நாற்காலி, மேஜைகளைச் சீர்செய்ய அப்போதுதான் தனிக்கடை போட்டிருந்தார். நாற்காலி முதுகின் வளைவையே அவருக்கு லோகோவாக்கினாள். மாதிரித் தாளைக் கொடுத்தால், மனிதர் தன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என் பேரு இவ்வளவு நல்லாவாம்மா இருக்கு?"

வேறெதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் அச்சடித்தேன்.

நேற்று அவரே மிச்சக் கட்டுகளோடு வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஊரெல்லாம் கார்டு கொடுத்தேன்மா. ஒரு போன்கூட வரலை. இந்தத் தாளையாவது வேற எதுக்காவது வெச்சுக்கங்க. நாளையிலிருந்து பழைய முதலாளிகிட்டயே போறேன். எனக்கெல்லாம் சொந்தக் கடை எதுக்குன்னு என் பொண்டாட்டி அப்பவே கேட்டா."

அவள் ஒரு கார்டை எடுத்துப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி நின்றாள். எட்டிப் பார்த்தேன். அவள் நம்பர்! தெரியாத நம்பர் வந்தால் லோன் வேணுமா என்று கேட்கிற கூட்டம் என்று நினைத்து அவள் எடுப்பதே இல்லை. வாயைத் திறக்காதே, பேசாமல் வேறு அடித்துக் கொடுத்துவிடலாம் என்று கண்ணைக் காட்டினேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டாள்?

"அண்ணே, தப்பு என்னோடது. கார்டுல என் நம்பர் இருக்கு. உங்களுக்கு வர வேண்டிய போனெல்லாம் எனக்கு வந்திருக்கு. நான் எடுக்கலைண்ணே."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

"சும்மா என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியாம்மா?"

அவள் தன் போனைத் திறந்தாள். எடுக்காமல் விட்டதில் ஒரு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலி ரிப்பேர் கடைதானே? எத்தனை தடவைங்க அடிக்கிறது? கால் உடைஞ்சு மூலையில கெடக்குது. எடுக்கிறதில்லைன்னா எதுக்குக் கார்டு கொடுக்கறீங்க? ஆளு இருக்கீங்களா இல்லையா?"

"அம்மா, தப்பு எங்க மேலதான்..." என்று இவள் குறுக்கே பேசப் போனாள். தச்சர் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இரும்மா, இரு. திட்டட்டும். என்னைத் தேடித்தானே திட்டறாங்க."