மயிலாளின் தெளிந்த தண்ணீர்

மயிலாளுக்கு நகை நட்டைவிடத் தன் போர்வெல் தண்ணீர் மேல்தான் பெருமை அதிகம். சாயப்பட்டறைக் கழிவு இறங்கிச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் சிவப்பும் ஊதாவுமாகக் கிடந்த காலம் அது. மேட்டுக்காட்டில் அவள் போட்ட போரில் மட்டும் தண்ணீர் கண்ணாடியாக வந்தது. மழை பொய்த்த வருஷம் இன்னும் ஆழமாக இறக்கி, பாறைக்குள்ளிருந்து எடுத்த தண்ணீர். அவள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளுக்கும் அதுதான்.

முதல் வீட்டில் நாகஜோதி. சாத்தூர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பம். மூத்தவள் மாரீஸ்வரி நடை பழகியதே அந்த வாசலில்தான். பால்பல் விழுந்து முளைத்த அவளுடைய முன்பற்களில் வெள்ளைத் திட்டும் காவிக்கோடுமாக இருந்தது. மயிலாளுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளை தண்ணீர் பிடிக்க வந்தால் எல்லார் முன்னாலும் நிறுத்தி, "ஈன்னு காட்டு பாக்கலாம்" என்பாள். "ஏம்புள்ள நாகஜோதி, உங்கூர்ல பல்லு வெளக்கற பழக்கமே கெடையாதா? இத்தன நல்ல தண்ணி குடுத்துமா இப்படி?" பெண்கள் சிரிப்பார்கள். நாகஜோதியும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

அந்தக் கோடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிட்டுசாமி, "சாயம் மேட்டுக்கும் ஏறிருச்சாமுங்க. உங்க போரு மட்டும் தப்புமாக்கும்?" என்று கேட்டுவிட்டார். மயிலாள் விடுவாளா? கல்லூரியில் வேதியியல் படித்த மகள் கவிப்பிரியாவிடம் பாட்டிலில் பிடித்துக் கொடுத்து, சோதனை போட்டு வரச் சொன்னாள்.

"சாயமெல்லாம் ஒண்ணுமில்லீம்மா" என்றுதான் மகள் வந்து ஆரம்பித்தாள்.

"நாஞ் சொல்லல?"

"புளோரைடு இருக்குதும்மா. இருக்கலாம்ங்கற அளவுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. யாரும் கலக்கறதில்ல, பாறையிலயே இருக்கறது. கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போவாது. சின்னப் புள்ளைங்க குடிச்சா, ஈறுக்குள்ள இருக்கறப்பவே பல்லக் கெடுத்துரும். அப்பறம் என்ன வெளக்கினாலும் அந்தக் கறை போவாது."

"அப்ப உன்ற பல்லுல மட்டும் ஏங்கண்ணு கறை இல்ல?"

"நான் வளந்தது பழைய கெணத்துத் தண்ணிலம்மா."

மயிலாளுக்குக் காதுமடல் எரிந்தது. நாகஜோதியின் இடுப்பில் இன்னொரு பெண் குழந்தை, இப்போதுதான் பால் மறந்தது, அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. சொல்லியாக வேண்டும். எந்த வாயால் சொல்வது?

மறுநாள் மோட்டாரை நிறுத்திவிட்டு, "மோட்டார் காயில் பொகஞ்சிருச்சு. வீதிக்கொழாய்ல வர்ற ஆத்துத் தண்ணியவே குடிங்க" என்று லைன் முழுக்கச் சொன்னாள். உண்மையைச் சொல்லாமலே காரியம் முடிந்ததென்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாகஜோதி நிறைகுடத்தோடு வந்தாள். "குழாய்ல எங்க வருதுக்கா? கிட்டுசாமி அய்யா போர்ல எடுத்துக்கிடச் சொன்னாக. ஒங்க தண்ணி மாதிரியே இருக்கு. சின்னவளுக்கும் அதத்தான் குடுத்தேன்."

கிட்டுசாமியின் போரும் அதே பாறையில்தான் இறங்கியிருந்தது.

"அதக் கொட்டிரு நாகஜோதி" என்றாள் மயிலாள். "மோட்டார் கெடல. தண்ணிதான் கெட்டது." பிறகு மகள் சொன்னதையெல்லாம், நிமிர்ந்து பாராமல் சொல்லி முடித்தாள்.

நாகஜோதி குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க சொல்லுதீகளேன்னு செங்கப்பொடி வச்சுத் தேச்சேன்க்கா. ஈறு கிழிஞ்சு ரத்தம் வரும். ஒழுங்கா வெளக்கலன்னு அடிக்கவும் செஞ்சேன்."

"என்னைய நாலு வார்த்தை வைதாவது போடு."

"வஞ்சு என்னக்கா செய்ய? அவகிட்ட நீங்களே சொல்லுங்க. எல்லார் முன்னாலயும்தான கேட்டீக, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

கம்பெனி விட்டுப் பெண்கள் வந்து சேர்ந்ததும் மயிலாள் லைன் வாசலில் போய் நின்றாள். மாரீஸ்வரி கூப்பிட்ட குரலுக்கு வந்தாள், உதட்டை இறுக மூடிக்கொண்டு.

"உம்மேல தப்பில்ல கண்ணு. என்ற தண்ணிதான் உன்ற பல்லக் கெடுத்துப்போட்டுது. நீ வெளக்காம வந்த கறையில்ல அது. நாந்தான் தெரியாம பேசிட்டேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். உதடு திறக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கடைசி வீட்டுக்காரி தன் பையனை இழுத்து, அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்தவளும் தன் பிள்ளையைத் தேடினாள். மயிலாளுக்கு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் பல்லைப் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.