முள் எழும்பாத வண்டி

அட்டுவம்பட்டி பிரின்ஸி கடைசிவரை எங்கள் டிரைவர் சங்கத்தில் சேரவில்லை. நான் பலமுறை போய்க் கேட்டேன். "சந்தாவும் குடுத்துட்டு உங்க பேச்சயும் கேக்கணுமா, தோழர்?" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார். ஆகவே இது உறுப்பினர் புகழ் பாடும் கட்டுரை இல்லை. ஒரு டிரைவரைப் பற்றியது, அவ்வளவுதான்.

கொடைக்கானலில் சொந்த வண்டி வைத்து ஓட்டும் பெண்கள் குறைவு. பிரின்ஸி முதலில் ஒரு டிராவல்ஸ் முதலாளியிடம் கூலிக்கு ஓட்டினார். அந்த முதலாளி கழித்துப்போட்ட பழைய டீசல் வண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். எட்டுப் பேர் உட்காரலாம். காலையும் மாலையும் அட்டுவம்பட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவார். நிச்சயமாக வருகிற சோறு அதுதான். சுற்றுலாக்காரர்கள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

போன மார்கழியில் வண்டி தகராறு செய்தது. காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஆனதும் தெரு முழுக்க வெள்ளைப் புகை. சின்ன மேட்டைக்கூட இழுக்காது. ஸ்டாண்டில் சின்னக்கருப்பன் என்ற டிரைவர் தினமும் கேட்பான்: "என்னக்கா, இன்னிக்கும் கொசு மருந்தா?"

"ஒன் வாய்க்குள்ளயும் கொஞ்சம் அடிக்கணும். வாலே இங்க."

பெற்றோருக்கு அது வேடிக்கையாக இல்லை. ஷர்மிளா என்ற தாய் நேராகவே சொன்னார்: "எம்மகளுக்கு மூச்சு இழுக்குதுக்கா. திங்கக்கெழமயும் இப்படியே வந்தா நாங்க எல்லாரும் வேற வேன் பாத்துக்கிறோம். தப்பா நெனைக்காதீங்க."

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் சுப்புராஜ் வண்டியைப் பார்த்தார். "இஞ்சின் போச்சும்மா. திண்டுக்கல்லுல இதே மாடல் இஞ்சின் ஒண்ணு கெடக்கு. பழசக் குடுத்துட்டு அத மாத்திக்கலாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

கொடுக்கிற பழையது உருக்கத்தான் போகும். மாற்றி முடிக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் வேறு வேனில் ஏறியிருப்பார்கள். மாற்றாவிட்டால் புகைக்குப் பயந்து ஏறமாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரின்ஸி மறுபடி யாரோ ஒரு முதலாளியின் கூலி டிரைவர்.

சனிக்கிழமை வெள்ளனே ஒரு குடும்பத்தை வத்தலக்குண்டில் இறக்கிவிட்டு, மளிகைக் கடைக்காரர் ஒருவரின் அரிசி மூட்டைகளோடு திரும்பினார். பஸ்ஸுக்கு நின்ற என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏறுங்க தோழர். நடுவுல நின்னா தள்ளுவீங்கள்ல?"

தள்ளுகிற வேலையே வரவில்லை. டம்டம் பாறை தாண்டியதும் மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. முன்னால் போன லாரி காணாமல் போனது. இடதுபக்கம் பள்ளம் இருப்பது தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள், இரண்டாவது கியரில், அத்தனை மூட்டைகளையும் சுமந்துகொண்டு, போய்விட்டது என்று சொல்லப்பட்ட இஞ்சின் குரல் மாறாமல் முழங்கி ஏறியது. காலடித் தகடு வழியாக என் முழங்கால் வரைக்கும் அது அதிர்ந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். அது எனக்கு வழக்கமில்லை.

மேகத்துக்கு மேலே வெயில் வந்ததும் பிரின்ஸி ஓரம் கட்டினார். இஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப் போய், சைலன்சர் குழாய்க்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தார். புகை இல்லை. திரும்பி வந்து மீட்டரைக் காட்டினார். எப்போதும் படுத்தே கிடக்கும், சூட்டைச் சொல்லும் முள் பாதிக்கு எழும்பி நின்றது.

"போன இஞ்சின் ஏத்தத்துலதான படுக்கணும்? இது ஏத்தத்துலதான் எந்திரிச்சு நிக்குது."

மூட்டைகளை இறக்கிய கையோடு சுப்புராஜின் பட்டறைக்குப் போனோம். பிரின்ஸி நடந்ததைச் சொன்னார். அதற்கு முந்தின சித்திரையில் வண்டி மலையேறும்போது கொதித்ததையும், கீழே ஒரு பட்டறையில் ஏதோ ஒரு வால்வைக் கழற்றியதையும் சொன்னார். சுப்புராஜ் தலையில் கைவைத்தார்.

"வால்வக் கழட்டுனத எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கல. முள்ளு எழும்பாத வண்டின்னு நானே ஸ்டாண்டுல பீத்திக்கிட்டுல்ல திரிஞ்சேன்."

"கீழ்நாட்டு வைத்தியத்த மலையில பாத்திருக்க, போ."

அந்த வால்வு, இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து நிற்கும். அதைக் கழற்றிவிட்டால் வண்டி கொதிக்காது. கீழே வெயிலில் சமாளித்துவிடலாம். மலையில், மார்கழிக் கூதலில், வீட்டுக்கும் பள்ளிக்குமான குட்டி ஓட்டத்தில் இஞ்சினுக்குச் சூடே ஏறாது. டீசல் பாதி எரியும், மீதி புகையாகும். அன்றைக்கு மூட்டைகளோடு நெடுக ஏறியதில்தான் சூடு பிடித்துப் புகை நின்றிருக்கிறது. இங்கே பாதி டிரைவர்கள் இதே காரியத்தைச் செய்துவிட்டு, முள் படுத்துக் கிடப்பதைக் காட்டிப் பெருமை பேசுகிறார்கள்.

"வால்வு போட்டா புகை நிக்கலாம்" என்றார் சுப்புராஜ். "ஆனா இத்தன நாளும் எரியாத டீசல் உள்ள எறங்கி எண்ணெயக் கழுவிருக்கு. சிலிண்டர் தேஞ்சிருந்தா சீக்கிரமே படுத்துரும், அன்னிக்கு திண்டுக்கல் இஞ்சின் இருக்காது. தேயலன்னா மாத்துறது பாவம். தெறந்தாத்தான் தெரியும். தெறந்து தேஞ்சிருந்துச்சுன்னா, திங்கக்கெழம வண்டி கெடையாது."

பிரின்ஸி பானெட்டில் கைவைத்து நின்றார்.

"தெறங்கண்ணே."

ஆறவிட்டு, மத்தியானத்துக்கு மேல் சுப்புராஜ் இஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றினார். கரியைத் துடைத்தார். டார்ச் அடித்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தார்.

சிலிண்டர் சுவரில் மயிரிழை மாதிரிக் கோடுகள். சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வலை பின்னியதுபோல். எண்ணெய் தங்குவதற்காக ஆலையில் போட்டு அனுப்புகிற கோடுகள். இஞ்சின் தேய்ந்தால் முதலில் அழிவது அதுதான் என்றார் சுப்புராஜ். இத்தனை வருஷம், இத்தனை ஏற்றம், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பிஸ்டன் அந்தச் சுவரில் உரசி ஓடியிருக்கிறது. கோடு அப்படியே இருந்தது. குளிர்ந்த இஞ்சினை ஒருநாளும் முறுக்காதவர் பிரின்ஸி. சமையலுக்கு எண்ணெய் வாங்க முடியாத மாதத்திலும் இஞ்சினுக்கு எண்ணெய் மாற்றியவர்.

உழைப்பு உழைப்பு என்று மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். கட்டுக் கட்டாக நோட்டீஸ் அடித்தவன். ஒரு மனுஷியின் கவனம் இரும்பில் அழியாமல் நிற்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். டார்ச்சைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.

செய்தி கேட்டு ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் வந்தார்கள். சின்னக்கருப்பன் எட்டிப் பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்து பார்த்தான்.

"என்னலே, மருந்து வாசம் வருதா?" என்றார் பிரின்ஸி.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

பிரின்ஸி திண்டுக்கல்லுக்குப் போன் போட்டார். "வேணாம்ணே. வேற ஆளுக்குக் குடுத்துருங்க. எங்கிட்ட நல்லதே கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை பிரின்ஸி சர்ச் பூசைக்குப் போகாமல் பட்டறையிலேயே நிற்க, சுப்புராஜ் புது வால்வு போட்டு, எல்லாவற்றையும் பூட்டி எடுத்தார். திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகை வந்தது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முள் எழும்ப எழும்ப அது மெலிந்து நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் பிரின்ஸி தெருவுக்குள் வண்டியை விட்டார்.

ஷர்மிளா மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். குழாய்ப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு போய்ப் பிள்ளையின் பையை வாங்கி வந்து சீட்டில் வைத்தார்.

"சாயங்காலமும் நீங்கதானக்கா வருவீங்க?"

"வேற யாரு வருவா? வெரசா ஏறச் சொல்லுங்க, பெல் அடிச்சிரும்."