ப்ளூ மார்மனை அம்மாதான் பார்த்தாள்

பி.எஸ்ஸி. ஸுவாலஜி பிராக்டிகலுக்கு நான் ஒரு ப்ளூ மார்மன் பட்டாம்பூச்சியை ஒப்படைக்க வேண்டும். கறுப்பு இறக்கையில் நீலம் பூசிய, உள்ளங்கையைவிட அகலமான ராட்சசி. எங்கள் பேட்டையான மாட்டுங்கா முழுக்க வலையோடு ஓடியும் சிக்கவில்லை. கடைசியில் எங்கள் பால்கனி நாரத்தைச் செடியிலேயே அதன் புழு கிடைத்தது. வளர்த்துவிடலாம் என்று துள்ளினேன்.

மறுநாள் காலேஜ் விட்டு வந்தால் செடி மொட்டை! அம்மா அத்தனை இலையையும் மிளகாயோடு இடித்து வேப்பிலைக்கட்டி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"புழுவை ஒண்ணும் பண்ணலையேடா!"

"அது வேற இலை திங்காதும்மா!"

"கோஸ் போடேன். என்ன பெரிய மாப்பிள்ளையா?"

கோஸை அது சீண்டவில்லை. கிங்ஸ் சர்க்கிள் வரை வீடு வீடாகக் கெஞ்சி, அதே நாரத்தை ஜாதிதானே என்று எலுமிச்சை இலை வாங்கிவந்தேன். தொட்டால் புழு தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி என்மேலேயே நாற்றம் விட்டது, நன்றி கெட்டது!

ஒருவழியாகக் கூட்டுப்புழு ஆனது. ஒரு மத்தியானம் வந்து பார்த்தால் கூடு காலி.

"இப்பத்தான்டா பறந்துது. மெதுவா இறக்கையை விரிச்சுது பாரு, அப்பப்பா!"

"பிடிச்சு வைக்கலையா?"

"அதைப் போய் எப்படிடா பிடிக்கிறது?"

காலிக் கூட்டைத்தான் ஒப்படைத்தேன். இத்தனை அலைந்த நான் இறக்கை விரிந்ததைப் பார்க்கவே இல்லை. செடியை மொட்டையடித்த அம்மா முழுசாகப் பார்த்துவிட்டாள். மார்க் போனதுகூட மறந்துவிட்டது. அந்தப் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.